கார்த்திக்காக ஜெபித்த வகுப்பு

கிறிஸ்தவப் பள்ளி என்றால் அப்பாவுக்கு ஈரோட்டு கான்வென்ட்தான். நல்ல இங்கிலீஷ், ஒழுங்கு, நகத்தில் அழுக்கிருந்தால் ஸ்கேலால் அடி. வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகள் திருநீறும் பொட்டுமாக உட்கார்ந்திருப்பார்கள். வேலைக்காக வெளிநாடு வந்த பிறகும் அந்த நினைப்பிலேயே, நாங்கள் குடியிருந்த ரவுண்ட் ராக் ஊரில், எங்கள் அபார்ட்மென்ட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருந்த ஒரு சின்னக் கிறிஸ்தவப் பள்ளியில் என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டார். அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாததும் ஒரு காரணம். சேர்த்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் பள்ளிக்கூடத்திலேயே பொட்டு வைத்த ஒரே ஆள் நான்தான் என்று.

யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. செய்திருந்தால்கூடத் தேவலை, பேச்சுத்துணை ஆகியிருக்கும். என்னிடம் யாரும் எதுவுமே சொல்லவில்லை. ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்பேன், என் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும்.

பைபிள் வகுப்பு மட்டும் பிடித்தது. டீச்சர் ஒரு நீலத் துணிப் பலகையில், துணியில் வெட்டிய மனிதர்களையும் ஆடுகளையும் ஒட்டி ஒட்டி எடுத்துக் கதை சொல்வார். வாரம் ஒரு வசனம் மனப்பாடம். அதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. வீட்டில் சுலோகம் சொல்லிப் பழகிய வாய், அர்த்தம் புரியாமல் ஒப்பிப்பது எனக்கென்ன புதிதா? ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு ஸ்டிக்கர் கிடைத்தது. சிநேகிதிதான் கிடைக்கவில்லை.

புதன்கிழமைகளில் ஜெப விண்ணப்பம். யாருக்காக வேண்ட வேண்டும் என்று கை தூக்கிச் சொன்னால் டீச்சர் போர்டில் பெயர் எழுதுவார், வகுப்பே கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்லும். ஒருத்தியின் நாய்க்கு வேண்டினோம், ஒருவனுடைய தாத்தாவின் முழங்காலுக்கு வேண்டினோம். ஒரு பெண்ணின் தம்பி குறைமாதத்தில் பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். அவனுக்கு ஆறு வாரம் வேண்டினோம். ஏழாவது வாரம் வீட்டுக்கு வந்துவிட்டான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, என் தம்பியும் அங்கேதான் இருக்கிறான் என்று.

அந்தக் கோடையில் அம்மா என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்து, தம்பி வரப்போகிறான் என்று சொல்லியிருந்தாள். பிறகு ஒருநாள் என்னைப் பக்கத்து அபார்ட்மென்ட் ஆன்ட்டி வீட்டில் விட்டுவிட்டு இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரண்டு நாள் கழித்து அம்மா வெறுங்கையோடு வந்தாள். “அம்மாகிட்ட தம்பியப் பத்திக் கேக்கக்கூடாது, சரியா கண்ணு?” என்றார் அப்பா. நானும் கேட்கவில்லை.

கை தூக்கினேன். தம்பி ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்றேன். டீச்சர் பெயர் கேட்டார். அதை யார் எனக்குச் சொன்னார்கள்? ஈரோட்டில் இருக்கும் மாமா பையனின் பெயரைச் சொல்லிவைத்தேன், கார்த்தி என்று. இருபது பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு, ஆளுக்கொரு விதமாகக் கார்த்தி என்றார்கள். அன்று ஒருத்தி தானாக வந்து என்னை ஊஞ்சலில் வைத்துத் தள்ளிவிட்டாள். அடுத்த புதன் எப்போது வரும் என்று இருந்தது.

இரண்டாவது வாரம் சனிக்கிழமை, டீச்சர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். மூடிபோட்ட தட்டில் கோழியும் சீஸும் போட்டு வேகவைத்த ஏதோ ஒன்று. அதன்மேல் அவரே பின்னிய ஒரு குட்டி மஞ்சள் போர்வை. அப்பா ஆபீசில் இருந்தார். கார்த்திக்காக வகுப்பே ஜெபிக்கிறது என்று டீச்சர் நிறுத்தி நிறுத்திச் சொன்னதும், அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். செத்தேன் என்று நினைத்தேன். கேட்கக்கூடாது என்றதைக் கேட்கவில்லைதான், ஆனால் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேனே.

அம்மா என்னை உள்ளே போகச் சொன்னாள். கதவிடுக்கில் பார்த்தேன். பாதி இங்கிலீஷிலும் பாதி கையாலும் அம்மா ஏதோ சொன்னாள். டீச்சர் தட்டைத் தரையில் வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டார். அம்மா சத்தம் போட்டு அழுதாள். நாங்கள் சனிக்கிழமை கவுச்சி சாப்பிட மாட்டோம். அதற்கா இத்தனை அழுகை என்று எனக்குப் புரியவே இல்லை.

டீச்சர் போனபிறகு அடி விழும் என்று சுவரோரம் நின்றேன். விழவில்லை.

“கார்த்தின்னு யாரு பேரு வெச்சது?”

“நாந்தாம்மா.”

அம்மா போர்வையை மடியில் வைத்துக்கொண்டு அப்பா வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த புதன்கிழமை போர்டில் கார்த்தி இல்லை, அம்மாவின் பெயர் இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து நின்று, அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள், தினமும் தோசை சுடுகிறாள், ஆஸ்பத்திரியில் இருப்பது தம்பிதான் என்று தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். டீச்சர் என் பக்கத்தில் வந்து முட்டி போட்டு உட்கார்ந்து என்னையே பார்த்தார். பிறகு போய், அம்மாவின் பெயருக்குக் கீழே கார்த்தியின் பெயரையும் எழுதினார். என் இங்கிலீஷ் அவருக்கு இப்போதுதான் புரிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப்பிறகு புதன்கிழமைகளில் நான் பையை இறக்குவதற்குள் அம்மா கேட்டுவிடுவாள்.

“இன்னைக்கு அவன் பேரச் சொன்னாங்களா?”

“சொன்னாங்கம்மா.”

ஒருநாள் அப்படிக் கேட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பாவமாக இருந்தது. பகலெல்லாம் இந்த வீட்டில் ஒண்டியாக உட்கார்ந்து அவன் வருவானென்று காத்திருக்கிறாள், எனக்காவது பள்ளிக்கூடம் இருக்கிறது.

“அழாதம்மா. இன்னும் ரெண்டு புதன்கிழமதான். ஏழாவது வாரம் வந்துருவான்,” என்றேன்.

அம்மா என் தலையைத் தடவி, “செரி கண்ணு,” என்றாள்.

அவளே சரியென்று சொல்லிவிட்டாள். நான் நிம்மதியாக விளையாடப் போனேன்.