மேகம் இல்லாத நாளில் மேகம்

நான் மீன் வளர்ப்பவள் இல்லை. மீன் வளர்ப்பவர்களுக்காகக் கடலை மேலிருந்து பார்ப்பவள். கடலில் மிதக்கும் மீன் கூண்டுகளைச் சுற்றிப் பாசி பெருகுகிறதா என்று செயற்கைக்கோள் படத்தில் நிறம் பூசிச் சொல்வது என் வேலை. பாசி மிகுந்தால் சிவப்பு. மேகம் மறைத்த இடம் வெள்ளை. வெள்ளைக்கு 'தெரியவில்லை' என்றுதான் பொருள். கூண்டுக்காரர்களோ 'சுத்தம்' என்றே எடுத்துக்கொள்வார்கள். எத்தனை முறை சொன்னாலும் அப்படித்தான்.

இது எங்கள் மேலாளருக்கும் நன்றாகத் தெரியும். அன்று படத்தில் கூண்டுகள் மேல் சிவப்பு படர்ந்திருந்தது. எங்கள் பெரிய வாடிக்கையாளரின் கூண்டுகளும் அதற்குள்தான். மறுநாள் அவர்களிடம் மீன் வாங்க வெளிநாட்டுக்காரர்கள் வருவதாக இருந்தது.

"இத மேகம்னு போட்ரும்மா. ஒரு நாளுதானே லா," என்றார்.

"மேகமே இல்லையே சார். காலையில ஜெலுத்தோங் வீட்டுல துணி காயப்போட்டுட்டுதான் வந்தேன். வெயில் மண்டையப் பொளக்குது."

"வானத்த யாரு வந்து செக் பண்ணப் போறா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புக்கிட் தெங்கா ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு, கையிலிருந்ததை எல்லாம் போட்டு சியாக்காப் மீன் வளர்க்கும் ஓர் அக்காவின் கூண்டுகளும் அதே தண்ணீரில் இருந்தன. அவருக்கும் எங்கள் படம் போகும். வெள்ளையைப் பார்த்தால் நிம்மதியாகத் தீனி போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அவ்வளவு பாசி இரவில் ஆக்சிஜனை உறிஞ்ச, விடிவதற்குள் மீன்களுக்கு மூச்சு முட்டிவிடும்.

சிவப்பைச் சிவப்பாகவே எல்லாருக்கும் அனுப்பினேன். கையோடு அக்காவையும் போனில் அழைத்தேன்.

"தீனி போடாதீங்கக்கா. முடிஞ்ச வரைக்கும் இன்னிக்கே புடிச்சிருங்க."

"இன்னும் வளரணுமே தங்கச்சி. நிச்சயமா சொல்றியா?"

"நிச்சயமா சொல்றேன்."

சொல்லிவிட்டு, படத்தை இன்னொரு முறை பெரிதாக்கிப் பார்த்தேன். நான் சொன்னது தவறாகிவிட்டால் நஷ்டம் அவருக்குத்தான்.

மறுநாள் காலை நிஜமாகவே மேகம் மூடிக்கொண்டது. வந்த படம் முழுக்க வெள்ளை. மேலாளர் என் மேசைக்கே வந்து திரையைத் தட்டினார். "ஒன்னுமே இல்ல பாரு. வாடிக்கையாளருக்கு நீயே போன் போட்டு மன்னிப்பு கேளு."

போனை எடுக்கும்போதே மணி அடித்தது. அக்கா.

"பெரிய கம்பெனி கூண்டுல மீனெல்லாம் செத்து மெதக்குது தங்கச்சி. நம்மளுது முக்கால்வாசி நேத்தே ஐஸ் பெட்டிக்குப் போயிருச்சு."

நான் போனை ஸ்பீக்கரில் போட்டு மேலாளர் முன்னால் வைத்தேன்.

"சரியா கேக்கலக்கா. இன்னொரு தடவ சத்தமா சொல்லுங்க."