பொடிக்கோட்டுப் புடவை

கட்டைப் பைக்குள் இரண்டாவது புடவையைச் சுருட்டி வைத்து, அதன்மேல் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துக்கொண்டு கிளியம்மாள் இரும்புலியூரில் வேன் ஏறுகிறார். ஜன்னலோரம் அவருக்குத்தான். யாராவது உட்கார்ந்திருந்தால், "எந்திரி, எனுக்கு வாந்தி வரும்" என்பார். அவர் வாந்தி எடுத்து யாரும் பார்த்ததில்லை.

ஐம்பதைத் தாண்டியவர். பம்மலில் ஒரு பட்டறையில் தோல் பைகளுக்கு உள்துணி தைத்துக்கொண்டிருந்தார். பட்டறையை மூடிய பிறகு இந்த வேலை: தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிகளில் பார்வையாளராக உட்கார்வது. ஆள் சேர்த்து அழைத்துப் போகும் துளசிங்கம் சாப்பாடும் சம்பளமும் கொடுத்து, ஏற்றிய இடத்திலேயே இறக்கிவிடுவார். ஒரே நாளில் இரண்டு வாரத்து நிகழ்ச்சிகளை எடுப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பெண்கள் புடவை மாற்றி, இடம் மாறி உட்கார்ந்தால் அது அடுத்த வாரத்துக் கூட்டம்.

கிளியம்மாளின் சிரிப்புக்கு அங்கே ஒரு மதிப்பு உண்டு. முதலில் மூக்கால் கொஞ்சம் காற்று. பிறகு தொண்டையில் ஓர் உருட்டல். அப்புறம் வாய் முழுக்கத் திறந்து, பக்கத்தில் இருப்பவரின் தொடையில் ஓர் அடி. அந்த அடிக்குப் பயந்தே பலர் தள்ளி உட்கார்வார்கள். "சும்மா பல்ல காட்டுனா சிரிப்பா? வயித்துலேர்ந்து எடுக்கணும்" என்று புதிதாக வருபவர்களைக் கடிந்துகொள்வார். முதல் வரிசையில் நடு நாற்காலி அவருடையதாக இருந்தது.

அங்கே சிரிப்பை முதலிலேயே எடுத்துவிடுகிறார்கள். மேடையில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். உதவியாளர் ஸ்டெபின் கையை உயர்த்தினால் எல்லோரும் சிரிக்க வேண்டும், இறக்கினால் நிறுத்த வேண்டும். பிறகு கைதட்டல், வாயைப் பிளப்பது, கண்ணைத் துடைப்பது. இந்த முகங்களை வெட்டி எடுத்து, வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்வார்கள்.

போன ஆடியில் ஒரு நாள், மதியத்துக்கு மேல் எடுத்த நிகழ்ச்சி. புடவை கட்டிய ஆண் நடிகர் ஒருவர், பிள்ளை பெறாத மருமகளாக, வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு வந்தார். தலையணை நழுவி நழுவி விழுந்தது. அதன் பின்னால் அவர் ஓடினார். கூட்டம் சிரித்தது. கிளியம்மாள் மட்டும் குனிந்து, கட்டைப் பையின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஒரே மகள் கோகிலவாணி ஊரப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்குக் கரு தங்குவதில்லை.

அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது, தலையணை விழுந்த அடுத்த கணம் திரை முழுக்கக் கிளியம்மாளின் முகம். காலையில் வெறும் மேடையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. ஊரப்பாக்கத்தில் வீடே கூடத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறது.

"'உங்கம்மாவே சிரிக்கிறாங்க, நாங்க சிரிச்சா மட்டும் மூஞ்ச தூக்கிக்கிறியே'ன்னு கேட்டாளாம் மாமியாக்காரி" என்று, அதே வேலைக்குப் போய்க்கொண்டு வேனில் பக்கத்தில் இருந்த என்னிடம் சொன்னார். "எம் பொண்ணு போன் பண்ணி ஒரே வார்த்ததான் கேட்டுச்சு. 'நீ சிரிச்சியாம்மா?' சிரிச்சேன். இல்லன்னு எப்டி சொல்றது? ஆனா அதுக்கு சிரிக்கலடின்னேன். அப்ப எதுக்குன்னுச்சு. எதுக்குமில்லன்னேன். வச்சிருச்சு."

அதன் பிறகு மகள் இவர் அழைப்பை எடுப்பதில்லை. நேரில் போனபோது மருமகன் வாசலிலேயே நின்றுகொண்டு, "அவ தூங்குறா அத்த" என்றார். உள்ளே விட்டு விட்டு மிக்சி ஓடும் சத்தம். அப்படி நிறுத்தி நிறுத்தி அரைப்பது யார் கை என்று இவருக்குத் தெரியும்.

கிளியம்மாளிடம் ஒரு சான்று இருக்கிறது. "காத்தால மாம்பழக் கலரு கட்டிகினு இருந்தேன். மத்தியானம் பச்ச. தலகாணி வுழறப்ப கூட்டத்த காட்டறான்ல, அதுல பச்சப் பொடவையில தல குனிஞ்சிகினு ஒருத்தி கீறா பாரு, அதான் நானு. சிரிக்கிறவ மாம்பழக் கலர்ல கீறா. எல்லாரும் பல்லத்தான் பாக்குறாங்க. பொடவைய யாரு பாக்குறா?"

மாம்பழ நிறப் புடவை, பொங்கலுக்கு மகள் எடுத்துக் கொடுத்தது. அவளும் பார்க்கவில்லை.

இந்த வேலையை விட்டுவிடலாமே என்றேன். "வுட்டுட்டு? பட்டறையா தொறந்து கீது?" என்றார்.

இப்போதெல்லாம் அவர் பொடிக்கோடு போட்ட புடவையாகத் தேடிக் கட்டுகிறார். நெருக்கமான கோடு கேமராவில் நெளியும். அதனால் கோடு கட்டி வந்தவரை அருகில் எடுக்காமல் பின்வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள். துளசிங்கத்துக்கு எரிச்சல்.

"கிளிக்கா, கோடு வேணாம்னு எத்தினி வாட்டி சொல்றது? வேணும்னே பண்றியா?"

"கைல கெடச்சத சுத்திகினு வந்தேம்பா. பட்டுக்கு எங்க போறது?"

அன்றும் பின்வரிசையைப் பார்த்து நடந்தவரை ஸ்டெபின் கூப்பிட்டார். முன்வரிசை மந்தமாக இருக்கிறதாம். எங்கிருந்தோ ஒரு வெளிர்நீலச் சால்வையைக் கொண்டுவந்து, அவர் தோளைச் சுற்றிப் போர்த்தி, கோடு தெரியாமல் இழுத்துவிட்டார்.

"நீங்க ஆரம்பிச்சாதான்க்கா மத்தவங்களுக்கு வருது. பின்னாடி போய் உக்காந்தா அடுத்த ஷூட்டுக்கு உங்கள கூப்பிட வேணாம்னு சொல்லிட்டாங்க."

கிளியம்மாள் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். பையைக் காலடியில் வைத்தார்.

"தம்பி, எதுக்கு சிரிக்கணும்னு சொல்லு. சிரிக்கிறேன்."

"எதுக்குமில்லக்கா. சும்மாதான்."

"இத எந்த எடத்துல போடுவீங்க?"

"அது எடிட்டிங்ல பாத்துப்பாங்க. ரெடியா?"

கை உயர்ந்தது. மூக்கால் காற்று வந்தது. தொண்டை உருண்டது. வாய் திறந்தது. பின்னால் இருந்த வரிசைகள் ஒவ்வொன்றாக அவரோடு சேர்ந்துகொண்டன. கேமரா மெல்ல நகர்ந்து அவர் முகத்தை நோக்கி வந்தது. பக்கத்தில் இருந்த என் தொடையில் அடி விழவில்லை. சிரிப்பு கொஞ்சமும் குறையாமலிருக்க, அவருடைய இடது கை மட்டும் சால்வையின் நுனியைப் பிடித்து மடிக்குக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. தோளில் கோடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.