பகலில் தூங்க ஒரு கூரை

மராத்தி ஊரான பிம்ப்ரியில் கூரைச் சாமான் விற்கும் கடையில்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். கம்பெனிச் சீருடை, சிவந்த கண்கள். வெயிலில் மாதிரிக்கு வைத்திருந்த தகரத்தின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். பிறகு ஓட்டின் அடியில் வைப்பார். மறுபடியும் தகரத்துக்கே போவார்.

நான் போனில் தமிழில் பேசியதைக் கேட்டுத் திரும்பினார்.

"அண்ணே, கொஞ்சம் கை வச்சுப் பாருங்க. ஓட்டுல சூடு கம்மிதானே?"

"கம்மிதான். செலவு கூட ஆகுமே. வீட்ல என்ன சொல்றாங்க?"

"தகரமே போதும்ங்கிறாங்க. காலையில எல்லாரும் வேலைக்கும் ஸ்கூலுக்கும் போயிருவாங்க, அவங்களுக்கு என்ன தெரியும்? எனக்கு நைட் ஷிஃப்ட். பகல்ல அதுக்கடியில படுத்துக் கெடக்கிறது நான் மட்டும்தான். நல்லாத் தூங்கி ரெண்டு வருஷமாச்சுண்ணே."

கடைக்காரரிடம் மராத்தியில் ஓடு வேண்டும் என்று சொன்னார். பிறகு கணவருக்குப் போன் போட்டார்.

"ஓடு சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் சத்தம் எழுந்தது.

"ஆமா, சொல்லிட்டேன்" என்று வைத்துவிட்டார்.

சித்திரை வெயில் கொளுத்தும் பகலில் ஆபீஸ் ஏசிக்குள் உட்கார்ந்திருக்கும்போது, இந்நேரம் அவர் தூங்கிக்கொண்டிருக்க வேண்டுமே என்று நினைத்துக்கொள்கிறேன்.