தெற்கே திரும்பினால் பதினோரு பாகை

லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்தே முப்பது வருஷத்தை ஓட்டியவளுக்கு, ஒரு படகுக்குப் பாய் தைப்பது பெரிய வித்தையா என்ன? தைத்தாள். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. பாயை மாட்ட ஒரு படகையும் வாங்கி, வீட்டை விட்டு அதிலேயே குடியேறியும் விட்டாள். படகுத்துறையில் எல்லோருக்கும் அவள் தார்ப்பாய் அக்கா.

குடித்தனம் என்று பெயர்தான். முன்மூக்கில் முக்கோணமாக ஒரு படுக்கை. கால் நீட்டினால் நங்கூரச் சங்கிலிப் பெட்டி இடிக்கும். நிமிர்ந்தால் தலை இடிக்கும், குனிந்தால் அடுப்பு இடிக்கும். தகர டப்பாக்களில் ஒட்டியிருக்கும் காகிதம் ஊறிக் கழன்றால் தண்ணீர் இறைக்கும் பம்பை அடைத்துவிடும் என்று அத்தனையையும் உரித்து, மூடியில் மையால் பெயர் எழுதினாள். எழுத வேண்டும் என்று தோன்றுவதற்கு முன் உரித்த இருபது டப்பாக்களில் பட்டாணி எது, அன்னாசி எது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

போவது தெற்கே. நடுவில் கரையே இல்லாத நாற்பத்தொன்பது நாள். அதற்கப்புறம் தீவு தீவாகப் போய்த் திரும்ப ஒன்றரை வருஷம் ஆகும். காற்று மாறுவதற்குள் கிளம்ப வேண்டும், அதற்கு இன்னும் இருபது நாள்தான். எல்லாம் தயார். வீட்டுக்காரர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராததுதான் குறை.

அவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த ரயில் எப்போது கிளம்பும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற மனுஷன், இந்தப் பயணத்தைப் பற்றி மட்டும் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவருக்குத் தண்ணீரும் ஆகாது. படகுகளுக்குப் போகிற மிதக்கும் பலகையில் கால் வைத்தாலே குமட்டும். அதனால் தினமும் வேலை முடிந்து வந்து, சிமெண்டுக் கரையில் நின்றபடியே குடும்பம் நடத்துவார்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சுங்க! நீங்க?"

"ஆச்சு! கேஸ் தீர்ந்துபோச்சு, சொல்லி வச்சிருக்கேன்!"

அத்தனை படகுக்கும் கேட்கும். இப்படி ஊரைக் கூட்டி மனசில் இருப்பதை எந்த மனுஷன் கத்துவான்? ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போகும்போது பேசலாம்தான். பேச்சை எடுத்தால் துணி காயப்போட மாடிக்குப் போய்விடுவார். அவளுக்கோ இரண்டு பக்கமும் இழுத்தது. படகில் அவர் குறட்டை இல்லாமல் தூக்கம் பிடிக்கவில்லை. வீட்டில் அவர் பக்கத்திலேயே படுத்திருந்தாலும் மனசு தெற்கே போய்விடும்.

இப்படி இருக்கும்போதுதான் திசைகாட்டியைச் சரிபார்ப்பவர் வந்தார். படகைத் துறைக்கு வெளியே கொண்டுபோய், தூரத்துக் கலங்கரை விளக்கத்தைக் குறி வைத்து, ஒவ்வொரு திசையாகத் திருப்பச் சொன்னார். கிழக்கு சரி, மேற்கு சரி. தெற்கே திரும்பினால் பதினோரு பாகை தப்பு.

"இப்படியே போனீங்கன்னா எங்க கரை ஏறுவீங்கன்னு எனக்கே தெரியாது. பக்கத்துல இரும்பு, காந்தம் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"என்னைப் பார்த்தா அவ்வளவு விவரம் கெட்டவளாவா தெரியுது?" அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு கரண்டி கூட இந்தப் பக்கம் வராது!"

அவர் திசைகாட்டிக்கு இடப்பக்கத்து மாடத்தில் கையை விட்டார். நடுக்கடலில்தான் தேவைப்படும் என்று அவள் வைத்திருந்த புதுக் கயிற்றுச் சுருளுக்கு அடியிலிருந்து, கையடக்கமான, மெமரி கார்டு செருகிய ஒரு ஸ்பீக்கர் வந்தது. "ஒலிபெருக்கின்னா உள்ளே காந்தம் இருக்காதாம்மா?"

துறைக்குத் திரும்பியதும், இதை யார் கொண்டுவந்து வைத்தது என்று பக்கத்துப் படகு வெல்டரைப் பிடித்து உலுக்கினாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாருக்கா. போன வாரம் நீங்க மளிகை வாங்கப் போனீங்கல்ல, அப்போ வந்தாரு. பலகை மேல தவழ்ந்துக்கிட்டே வந்தாரு. போகும்போது ரெண்டு தடவை வாந்தி."

தவழ்ந்தா? அந்த மனுஷனா? அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்பீக்கரை அமுக்கினாள். ஒன்று முதல் நாற்பத்தொன்பது வரை, நாளுக்கு ஒரு பதிவு. முதலாவதில் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு, குழாய் ஒழுகுகிற கதையை விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பொறுமை இல்லாமல் கடைசிக்குத் தாவினாள்.

"இன்னிக்கு நாற்பத்தொன்பது. உனக்குக் கரை தெரிஞ்சிருக்கும். நல்லபடியா போய்ச் சேர்ந்துட்டே, எனக்குத் தெரியும். குழாயைச் சரி பண்ணிட்டேன். வீட்டுலதான் சத்தமே இல்லை. இத்தனை நாள் எப்படிப் போச்சுன்னு மட்டும் கேட்காதே."

அவள் இன்னும் கட்டிய கயிற்றைக்கூட அவிழ்க்கவில்லை. அதற்குள் அவர் பாட்டுக்கு அங்கே தனியாக உட்கார்ந்து, அவள் இல்லாத நாற்பத்தொன்பது நாளையும் ஒவ்வொன்றாக வாழ்ந்து முடித்திருக்கிறார். பாழாய்ப்போன மனுஷன். மற்ற நாற்பத்தேழையும் அவள் தொடவில்லை. இப்போதே கேட்டுத் தீர்த்தால் அங்கே எதைக் கேட்பது? ஸ்பீக்கரைத் துணியில் சுற்றி, திசைகாட்டிக்கு எட்டாமல் படுக்கையின் தலைமாட்டில் வைத்தாள்.

சாயங்காலம் அவர் வருவதற்கு முன்பே கரையேறி நின்றுகொண்டாள். கத்த வேண்டிய அவசியம் இல்லாமல் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

"உங்க ஸ்பீக்கரால திசைகாட்டியே கெட்டுப்போச்சு, தெரியுமா?"

அவர் முகம் வெளுத்தது. "ஐயையோ. இப்போ?"

"இடம் மாத்தி வச்சுட்டேன். சரியாயிடுச்சு."

அவர் படகைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "எப்போ கிளம்பணும்?"

"வியாழக்கிழமை."

"சரி," என்றார். அப்புறம், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில், "போயிட்டு வா," என்றார். 

அந்த வார்த்தைக்காகத்தான் ஒரு வருஷமாகக் காத்திருந்தாள். அது கிடைத்ததும், காற்று மாற இன்னும் நாள் இருக்கிறதே, ஒரு வாரம் கழித்துப் போனால் என்ன என்று இருந்தது அவளுக்கு.