சூரியகாந்தி அடைத்த பாலம்

மருதமலைப் பக்கம் வானம் கறுத்துவிட்டால் அப்துல் வஹீது வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். கேட்டுக்கு அளவு சொல்லிக்கொண்டிருக்கும் ஆள் பாதிப் பேச்சில் நிற்க, நுனி வளைத்த கம்பியை எடுத்துக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டி, ஓடைக்கு நடப்பார். "ரண்டே நிமிசமுங்க, வந்துர்றேன்." வர அரை மணி ஆகும்.

பட்டறைக்குப் பக்கத்தில்தான் ஓடை சாலைக்கடியில் சிறுபாலத்துக்குள் நுழைகிறது. போன ஐப்பசியில் டீக்கடை பிரவீனாவின் மகள் கால் வழுக்கி அந்த வாயில் விழுந்தாள். புத்தகப் பை கல்லில் மாட்டியதால் பிழைத்தாள். அன்று சாயங்காலமே வஹீது இரும்பு அறுக்க ஆரம்பித்துவிட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

ஆனால் வாழ்நாளெல்லாம் அவர் அடித்தது ஜன்னல் கிரில். கை தனக்குப் பழகியதைத்தான் செய்தது. பூனை நுழையாத இடைவெளி, நடுவில் ஒரு சூரியகாந்தி, மூலைக்கு மூலை சுருள், வெள்ளிப் பெயின்ட். பாலத்தின் வாயில் செங்குத்தாக நிறுத்திப் பற்றவைத்தார். தெருவே வந்து போட்டோ எடுத்துக்கொண்டது. அடுத்த மழையில் வேப்பிலையும் பால் கவரும் இதழ் இதழாக ஒட்டின. போக வழியில்லாத தண்ணீர் மேலேறி, எதிர்த்த ஜமக்காளக் கடைக்குள் புகுந்தது. பவானியிலிருந்து முந்தின நாள் வந்திறங்கிய கட்டுகள் மிதந்தன.

கடைக்காரர் தனபால் கோபத்திலும் மரியாதையை விடாதவர்.

"ஏனுங்க பாய், ஓடைக்கு எதுக்குங்க பூவு? தண்ணி என்ன பொண்ணு பாக்கவா வருது?"

"கை அப்படியே செஞ்சுபோட்டுதுங்க."

"இன்னொருக்கா உள்ள வந்துச்சுன்னா கட்டரை வெச்சு அறுத்துப்போடுவேன், பாத்துக்கங்க."

"அறுத்துப்போட்டா புள்ளைங்க?"

தனபால் நனைந்த கட்டுகளைப் பிரிக்கப் போனார். அந்தப் பிள்ளை தினமும் அவர் கடையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறாள்.

மழை வந்தால் கம்பியோடு ஓடைக்கு நடந்து, கிரில்லில் ஒட்டும் செத்தையை இழுத்துவிடும் பழக்கம் அதிலிருந்து தொடங்கியது. ஆனால் ஒரு நாள் உடுமலைப்பேட்டையில் சொந்தக்காரர் கல்யாணம், இங்கே மழை. பந்தியில் உட்கார்ந்தபடி வஹீது தனபாலுக்குப் போன் போட்டார். "ஏறுதுங்களா?" "ஏறுதுங்க! நானே குடைக் கைப்பிடியில இழுத்துட்டு நிக்கிறேனுங்க! நீங்க பிரியாணி தின்னுங்க!"

ஊர் திரும்பியதும் வஹீது பூவோடு கிரில்லையே அறுத்து எறிந்தார். உரித்த தேங்காய் ஒன்றை வைத்துக் கம்பிக்குக் கம்பி அளந்தார். "இது போகோணும். புள்ள தலை போகக்கூடாது." வாசலில் வந்து நின்ற மனைவி மெஹராஜ், "ஏங்க, சட்னிக்கு வெச்ச தேங்காயுங்களா அது?" என்றாள். அளந்து முடிக்கும்வரை அவர் அதைக் கொடுக்கவில்லை. புதிய கம்பித் தடுப்பை நேராக நிறுத்தாமல், ஏணியைச் சாய்த்ததுபோலப் படுக்கவைத்தார்.

போன வாரம் நடுப்பகலில் மழை கொட்டியது. தனபால் இரும்பு அறுக்கும் கட்டரை மடியில் வைத்துக்கொண்டு கடைப் படியில் உட்கார்ந்திருந்தார். செத்தை திரண்டு வந்து கம்பியில் மோதியது. தண்ணீரே அதைத் தள்ளித் தள்ளிச் சரிவில் ஏற்றிவிட்டு, அடியில் உறுமிக்கொண்டு போயிற்று. கடையின் முதல் படியைத் தொட்ட வெள்ளம் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு இறங்கியது.

அப்போது ஒரு குழந்தைச் செருப்பு மிதந்து வந்து, இரண்டு கம்பிக்கு நடுவே வழுக்கி உள்ளே மறைந்தது. வஹீது லுங்கியைப் பிடித்துக்கொண்டு சாலைக்குக் குறுக்கே ஓடினார். பாலத்தின் மறுவாயில் குத்தவைத்துக் காத்திருந்தார். எங்கும் அடைபடாமல் செருப்பு வந்தது. எடுத்து, நீர் சொட்டச் சொட்ட, தனபாலை நோக்கித் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினார்.

சண்டை என்று நினைத்து வண்டிகள் நின்றன. "பாய், வேண்டாமுங்க, உட்டுருங்க" என்று ஒருவர் ஓடிவந்து கையைப் பிடித்தார். வஹீது சிரித்துக்கொண்டே, நுனிக்காலில் எழும்பி, செருப்பை இன்னும் உயரத் தூக்கினார்.