டாஸ் பார்த்த பொருத்தம்

பழைய ஆபரேட்டிங் சிஸ்டம் என்றாலே அப்போது எனக்கு எரிச்சல். திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை செய்தேன். வருகிற மெஷினில் இருக்கும் பழசையெல்லாம் துடைத்துவிட்டுப் புதுசு ஏற்றுவதுதான் என் பிழைப்பு. பக்கத்து மேஜைக்காரர் இதற்கு நேர் எதிர். உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வைத்திருந்தார். அதில் நாங்கள் பிறப்பதற்கு முன்னால் வந்த டாஸ் என்ற சிஸ்டத்தை ஓட்டுவார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்துவிட்டால் போதும், முகமெல்லாம் பல்லாகிவிடும்.

"புது டிராக்டர்ல மர ஏரைக் கட்டின மாதிரி இருக்கு" என்பேன்.

"உழுதா சரிதானே? நடுவுல நின்னு அப்டேட் கேக்காது, சொன்னதை மட்டும் செய்யும்" என்பார்.

தினமும் டிபன் டப்பாவைத் திறக்கும்போதே இந்தச் சண்டையும் தொடங்கிவிடும். சண்டை போட்டே ஒருவரை ஒருவருக்குப் பிடித்துப்போய்விட்டது. வீட்டில் சொல்ல வேண்டிய நாளும் வந்தது.

எங்கள் ஊர் புத்தலப்பட்டுக்குப் பக்கம். அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவருக்கு வேர்க்கடலையும் கொஞ்சம் மாமரமும். நான் சொன்னதும் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மேஜைக்காரரின் ஜாதகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். போட்டோவை நீட்டினேன், தலையைத் திருப்பிக்கொண்டார்.

"பொருத்தம் பாக்கறதுக்கு முன்ன மூஞ்சியப் பாக்கக் கூடாதும்மா. பாத்துட்டா மனசு அந்தப் பக்கம் சாஞ்சிக்கும். அப்பறம் ஜாதகம் வேணாம்னு சொன்னா வலிக்கும்."

பொருத்தம் பார்க்க என் போனைக் கொடுத்தேன். அக்காவும் தன் போனில் பார்த்தாள், சித்தப்பாவும் பார்த்தார். மூன்று ஆப்பும் மூன்று விதமாகச் சொல்லின. நைனா சிரித்துவிட்டார். "மூணு போனுக்கும் ஒத்துப்போவல, இதுங்க உங்க ரெண்டு பேருக்கும் பொருத்தம் பாக்குதா?" அவருக்கு நம்பிக்கை ஒரே ஒரு இடத்தில்தான். புத்தலப்பட்டு ஜோசியர் கடையில் டாஸில் ஓடும் ஒரு பழைய கம்ப்யூட்டர் உண்டு. அக்காவுக்குப் பொருத்தம் பார்த்தது அதுதான், அவளும் நன்றாக இருக்கிறாள். "அது சரின்னா சரி. வேணாம்னா வேணாம். அதுக்கு மேல என்கிட்ட பேசாத" என்று முடித்துவிட்டார். என் கல்யாணம் ஒரு டாஸ் புரோகிராமின் கையில் போய் உட்கார்ந்தது.

அந்த வாரமே இடி விழுந்து ஜோசியரின் கம்ப்யூட்டர் புகைந்துபோனது. சித்தூரில் காட்டியிருக்கிறார். இதைத் தூக்கிப் போடுங்கள், இந்தப் புரோகிராம் புதுசில் ஓடாது என்று அனுப்பிவிட்டார்கள். நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். நைனா போன் செய்தார்: "கம்ப்யூட்டர் கடையிலதானே கீற? தெரிஞ்ச ஆளு யாரையாச்சும் இட்டுக்கினு வாம்மா."

தெரிந்த ஆள் ஒருவர்தான். பக்கத்து மேஜைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, "முதல்ல சொல்லு. பழசுக்கு இடம் இருக்கா, இல்லையா?" என்றார்.

"இருக்கு சாமி, இருக்கு. கெளம்புங்க."

மறுநாள் பளபளவென்று இஸ்திரி போட்ட சட்டையோடு பஸ் ஏற வந்தார். மெக்கானிக்காகத்தானே போகிறீர்கள் என்று திட்டி, சட்டைக் கையை மடித்துவிடச் சொன்னேன். ஜோசியர் கடையில் நைனா காத்திருந்தார். "எங்க கடையில வேலை செய்யறவர்" என்றேன். பொய் இல்லை. மீதியைச் சொல்ல வாய் வரவில்லை.

இவர் பழைய பெட்டியைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினார். நல்ல வேளை, அது பிழைத்திருந்தது. அதிலிருந்த ஜாதகப் புரோகிராமைத் தன் சின்னக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார். நைனா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு எதையெதையோ கேட்டுக்கொண்டிருந்தார். இவரும் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். பாதித் தமிழ், பாதித் தெலுங்கு என்று மழை, வேர்க்கடலை, மாங்காய் விலை எல்லாம் வந்துபோனது. நைனா மடியிலிருந்த வறுத்த கடலையை இவர் கையில் கொட்டினார். "துன்னு தம்பி. காலையில இருந்து குனிஞ்சிக்கினே கீற." போட்டோவில் கூடப் பார்க்க மாட்டேன் என்ற முகத்தை நைனா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரை கறுத்து வெள்ளை எழுத்து வந்தது. ஜோசியர் கையெடுத்துக் கும்பிட்டார். இவர் என் பிறந்த தேதியைப் போட்டார். தேதி தவறு என்று வந்தது. மறுபடி போட்டார், மறுபடியும் அதே. நைனாவின் முகம் வாடிவிட்டது. "இன்னா தம்பி, எம் பொண்ணு பேர எடுத்தாவே வேணாங்குது?"

இவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அந்தச் சின்னக் கம்ப்யூட்டருக்குள் கடிகாரமே கிடையாது. நெட் இருந்தால் அதிலிருந்து தேதியை எடுத்துக்கொள்ளும், கடையில் நெட் இல்லை. டாஸ் என்னவோ தொடங்கும்போதே இன்று என்ன தேதி என்று ஒழுங்காகக் கேட்டிருக்கிறது. பதற்றத்தில் இவர் வெறுமனே என்டரைத் தட்டியிருக்கிறார். டாஸ் 1980-லேயே நின்றுவிட்டது; அதன் கணக்கில் நான் இன்னும் பிறக்கவே இல்லை.

"ஒண்ணுமில்லீங்க, அதுக்கு இன்னிக்கு தேதி தெரியல. சொன்னா கேட்டுக்கும்" என்று கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டுத் தேதியை அடித்தார். இந்த முறை என் ஜாதகத்தைப் பேசாமல் வாங்கிக்கொண்டது. நைனாவுக்கு ஒரே சந்தோஷம். "தெரியாதத தெரியாதுன்னு கேக்குது பாரு. போனு எங்க கேக்குது?"

அடுத்து மாப்பிள்ளை விவரம். ஜோசியர் கண்ணாடியைத் தேடினார். நைனா மடியில் கைவிட்டு ஜாதகத்தை எடுப்பதற்குள், இவர் தேதி, நேரம், ஊர் எல்லாவற்றையும் கடகடவென்று அடித்து முடித்துவிட்டார்.

நைனாவின் கை மடியிலேயே நின்றது. "மாப்ள பொறந்த நேரம் மெக்கானிக்குக்கு எப்பிடி தெரியும்?"

இவர் எழுந்து நின்றார். கடலைத் தோல் உதிர்ந்தது. அதற்குள் பிரிண்டர் கிர்ரென்று முதல் வரியை அடிக்க ஆரம்பித்துவிட்டது. ஜோசியர் குனிந்து படிக்கப் போனார்.

"இருங்க சாமி, படிக்காதீங்க" என்றார் நைனா. என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். "பாக்கக் கூடாதுன்னு இருந்தேன். பாத்துட்டேனே. காலையில இருந்து பாத்துக்கினு கீறேன். இனிமே அது வேணாம்னு சொன்னா எனக்கில்ல வலிக்கும்?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நைனா மீதிக் கடலையையும் இவர் கையில் கொட்டி, "உக்காருங்க மாப்ள" என்றார். பிரிண்டர் பாட்டுக்கு எல்லாப் பொருத்தத்தையும் அடித்து முடித்தது. யாரும் அதைக் கிழித்து எடுக்கவில்லை.