ஒற்றைக் கை விமானியும் வில்ஃப் அக்ராய்டும்

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பஸ் பணிமனையில் என்ஜின்களைப் பிரித்துக் கோத்துக்கொண்டிருந்த வில்ஃப் அக்ராய்டு, இரண்டாம் உலகப் போரில், முப்பது வயதுக்கு மேல், குண்டுவீச்சு விமானத்தில் பொறியாளராக ஏறினார். நான்கு என்ஜின்களின் சூடு, எண்ணெய், பெட்ரோல் எல்லாம் அவர் பொறுப்பு. விமானி டெஸ் பிரையருக்கு வலப்பக்கம் அவருக்கு ஒரு மடக்கு இருக்கை உண்டு. ஆனால் பாதி நேரம் நின்றுகொண்டேதான் இருப்பார். ஏழு பேர் குழுவில் அவர்தான் மூத்தவர். மற்றவர்களுக்கு அவர் ‘பெருசு’. இருபத்தொரு வயது டெஸ் மட்டும் அண்ணே என்பான்.

நாற்பத்து நான்காம் ஆண்டுக் கோடையில், பட்டப்பகலில் பிரான்சில் குண்டு போட்டுவிட்டுத் திரும்பும்போது, பீரங்கிச் சிதறல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. டெஸ்ஸின் வலது தோள் கிழிந்து கை தொங்கிவிட்டது. ஒரு என்ஜினில் தீ. வில்ஃப் அதற்குப் போகும் பெட்ரோலை அடைத்துத் தீயை அணைத்தார். பிறகு தன் கழுத்துத் துணியால் டெஸ்ஸின் தோளை இறுக்கிக் கட்டினார். கடலைத் தாண்டும்வரை அவனுக்குக் கண் சொருகிக்கொண்டே வந்தது. தூங்க விடாமல், மனைவி ஐவி சுடும் இறைச்சி அப்பம் செருப்பு மாதிரி இருக்கும் என்பதிலிருந்து வாய்க்கு வந்ததையெல்லாம் வில்ஃப் பேசினார்.

இங்கிலாந்துக் கரை வந்ததும் எல்லோரையும் பாராசூட்டில் குதிக்கச் சொன்னான் டெஸ். ஐந்து பேர் குதித்தார்கள். வில்ஃப் நகரவில்லை.

“நீங்களும் குதிங்கண்ணே. இது உத்தரவு.”

“ஒத்தக் கையால சுக்கானைப் பிடிப்பியா, என்ஜினைப் பார்ப்பியா? பேசாம முன்னால பாரு தம்பி.”

சக்கரங்களை இறக்கி, வேகத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே, டெஸ் கேட்டபடி மூன்று என்ஜின்களையும் குறைத்தார். விமானம் இரண்டு முறை துள்ளி, புல்வெளியில் இறங்கி, இறக்கையை உரசிக்கொண்டு நின்றது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வில்ஃப் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இருவரையும் தூக்கித்தான் இறக்கினார்கள்.

“கை வலிக்கலண்ணே, பல்லுதான் வலிக்குது. அப்படித் தடதடன்னு இறக்கினோம்” என்றான் டெஸ், ஆஸ்பத்திரியில்.

பதக்கம் டெஸ்ஸுக்கு வந்தது. அவனால் மறுபடி பறக்க முடியவில்லை. புது விமானியோடு வில்ஃப் தனக்கு விதித்த குண்டுவீச்சுப் பயணங்கள் முடியும்வரை பறந்தார். ஒவ்வொரு முறையும் ஏறுவதற்கு முன் சக்கரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுப்பார்.

போர் முடிந்து பஸ் பணிமனைக்கே திரும்பினார். ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்த டெஸ் சொல்லித்தான் ஐவிக்கு எல்லாம் தெரிந்தது. ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டாள்.

“சொல்லியிருந்தா நீ தூங்கியிருக்க மாட்டே.”

“இல்லாட்டி மட்டும் தூங்கினேனாக்கும்?” என்றவள், இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.